உதட்டை இறுக்காதீர்கள்: கிளாரினெட் பிடிப்பில் கண்டதும் கற்றதும்

கிளாரினெட்டைக் கையில் எடுத்த பிள்ளை முதல் மாதம் முழுக்கக் கேட்பது ஒரே அதட்டல்தான்: "உதட்ட இறுக்கிப் பிடிடே!" சத்தம் வரவில்லையா, இறுக்கிப் பிடி. கீச்சென்று கத்துகிறதா, இறுக்கிப் பிடி. சுருதி இறங்குகிறதா, இன்னும் இறுக்கிப் பிடி. தென் மாவட்டத்துத் தேவாலயப் பேண்டு ஒன்றில் பள்ளிப் பருவத்திலிருந்து வாசித்து வருகிறேன். இப்போது மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். நான் பார்த்தவரை நல்ல மூச்சும் நல்ல காதும் இருந்த பிள்ளைகள் பலர் வாத்தியத்தை வைத்துவிட்டுப் போனதற்கு இந்த ஒரு அதட்டல்தான் காரணம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வாயில் வைத்து ஊதும் முனைதான் மவுத்பீஸ், அதன் அடிப்பக்கத்தில் கட்டும் மெல்லிய நாணல் தகடுதான் ரீடு. மவுத்பீஸின் நுனிக்கும் ரீடின் நுனிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர்தான். மூச்சு அந்த இடுக்கு வழியாக நுழையும்போது ரீடு மூடித் திறந்து, மூடித் திறந்து அதிர்கிறது. அந்த அதிர்வுதான் நாதம். கீழ்த்தாடையால் நெருக்கினால் இடுக்கு குறுகும், மூச்சு உள்ளே போகாது, ரீடு அதிர இடமிருக்காது. நாதம் மெலிந்து மூக்கால் பாடுவது போலாகிவிடும், சுருதியும் மேலே ஏறிவிடும். இந்த மெலிந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் இருப்பவர் மறுபடியும் "இறுக்கிப் பிடி" என்பார். பிள்ளை இன்னும் கடிக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் உதட்டு ஓரங்கள் தளர்ந்து காற்று புஸ்ஸென்று வெளியேறும். "அண்ணே, உதடு போச்சு" என்று வந்து நிற்கும். உதடு எங்கேயும் போகவில்லை. அது செய்ய வேண்டாத வேலையை அதன் தலையில் கட்டியிருக்கிறோம்.

உதடு செய்ய வேண்டிய வேலை குறைவு. காற்று கசியாமல் மவுத்பீஸைச் சுற்றி அடைக்க வேண்டும். ரீடுக்கு அடியில் மெத்தென்று தாங்கலாக இருக்க வேண்டும். வைத்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் மூச்சின் பொறுப்பு. வாத்தியத்தை உதட்டுக்குள் பிடித்து நிறுத்துவது வலது கை கட்டைவிரல். அது மேல்நோக்கி லேசாகத் தூக்கிக் கொடுத்தால் மேல் பற்கள் மவுத்பீஸின் சரிவில் உறுதியாக உட்காரும். அப்போது கீழ்த்தாடை கடிக்க வேண்டிய அவசியமே வராது.

வாயை வைக்கும் முறையை நான் இப்படிச் சொல்லித் தருகிறேன். மேல் பற்கள் நேராக மவுத்பீஸின் மேல், நுனியிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தள்ளி. பற்களில் அதிர்வு கூசுகிறது என்று சில பிள்ளைகள் பல்லைத் தூக்கிவிடுவார்கள். அங்கே ஒட்டுவதற்கென்றே மெல்லிய ரப்பர் பட்டை கிடைக்கிறது, ஒட்டிவிட்டால் கூச்சம் போய்விடும், மவுத்பீஸும் தேயாது. கீழ் உதட்டைப் பல்லின் மேல் மடிக்கும்போது சிவந்த பகுதியில் பாதி உள்ளே, பாதி வெளியே. முழுவதையும் உள்ளே சுருட்டினால் ரீடின் மேல் தடித்த சதை படுத்து நாதத்தை அமுக்கிவிடும். முகவாய்த் தோல் கீழ்நோக்கி இழுபட்டுத் தட்டையாக இருக்க வேண்டும். அது மேலே குவிந்து, சுருக்கம் விழுந்து பந்து மாதிரி வந்தால் பிள்ளை கடிக்கிறது என்று அர்த்தம், சத்தத்தைக் கேட்காமலேயே சொல்லிவிடலாம். உதட்டு ஓரங்கள் சிரிப்பது போலப் பக்கவாட்டில் விரியக்கூடாது. "ஊ" என்னும்போது வருவது போல நடுவை நோக்கி வர வேண்டும். கன்னம் உப்பக்கூடாது. உதடு "ஊ" என்று இருக்க, வாய்க்குள்ளே நாக்கு "ஈ" என்னும்போது உயர்வது போல உயர்ந்திருக்க வேண்டும். "ஊ"வும் "ஈ"யும் ஒரே நேரத்தில் எப்படி என்று பிள்ளைகள் முழிப்பார்கள். கண்ணாடி முன்னால் நின்று முதலில் "ஈ" சொல்லி, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவிக்கச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

மவுத்பீஸை எவ்வளவு உள்ளே வாங்குவது என்பதில்தான் பெரும்பாலான தொல்லை. பயந்த பிள்ளைகள் நுனியை மட்டும் கவ்வும், சத்தம் அடைத்துக்கொண்டு வரும். துணிந்த பிள்ளைகள் பாதியை விழுங்கும், கட்டுக்கடங்காமல் கத்தும். அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ரீடு மாட்டிய மவுத்பீஸைப் பக்கவாட்டில் பார்த்தால், ரீடும் மவுத்பீஸும் ஒட்டியிருக்கிற இடமும் பிரியத் தொடங்குகிற இடமும் தெரியும். ஒரு மெல்லிய தாள் துண்டை நுனியிலிருந்து அந்த இடுக்கில் மெதுவாக நுழையுங்கள். தானாக நிற்கும் இடம்தான் பிரிகிற இடம். ரீடின் மேல் அந்த இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, கீழ் உதடு அங்கே வரும்படி வைத்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னே வைத்தால் ரீடின் அதிர்வு நசுங்கும், ரொம்பத் தாண்டி வைத்தால் ரீடைக் கட்டுப்படுத்த ஆளில்லை. முன்பின்னாக ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி அவரவர் இடத்தைக் கண்டுகொள்ளலாம். பல்லும் உதடும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தப் பார்ப்பது வீண் வேலை.

பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று காதால் சோதிக்க இரண்டு வழிகளை நம்புகிறேன். மவுத்பீஸையும் அதன் கீழே வரும் பேரல் என்ற குட்டைக் குழாய்த் துண்டையும் மட்டும் கழற்றி எடுத்து, நன்றாக மூச்சுக் கொடுத்து ஊத வேண்டும். பி பிளாட் கிளாரினெட்டில் எஃப் ஷார்ப் ஒட்டி வர வேண்டும், நம் கணக்கில் நாலரைக் கட்டை. சுருதிப்பெட்டியையோ போனில் இருக்கும் டியூனரையோ பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேலே போனால் கடிக்கிறீர்கள். கீழே தொங்கினால் ஓரங்கள் தளர்வு, இல்லையென்றால் நாக்கு தாழ்ந்திருக்கிறது. இரண்டாவது சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். பிள்ளை கீழ் ஸ்தாயியில் ஒரு சுவரத்தை நீளமாகப் பிடிக்கட்டும். நான் பின்னால் கை நீட்டி இடது கட்டைவிரலுக்கு மேலே இருக்கும், நாதத்தை மேலே தாவவைக்கும் ரெஜிஸ்டர் கீயைத் தட்டிவிடுவேன். பிடிப்பும் மூச்சும் சரியாக இருந்தால் நாதம் தடங்கலில்லாமல் மேலே தாவும். கிளாரினெட் ஒருபக்கம் மூடிய நேர்க்குழாய் மாதிரி நடந்துகொள்வதால் தாவல் ஒரு ஸ்தாயியோடு நிற்காது, ஸ பிடித்திருந்தால் மேல் ஸ்தாயி ப வரும். தாவாமல் முனகினாலோ கீச்சிட்டாலோ வாயில் ஏதோ மாற வேண்டும். எந்தத் திருத்தம் வேலை செய்கிறது என்பதை அந்தத் தாவலே சொல்லிவிடும்.

இனி கீச்சு. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கீச்சு வந்தவுடன் உதட்டைக் குற்றம் சொல்லும் பழக்கம் எல்லாப் பேண்டிலும் இருக்கிறது. எங்களிடம் ஒரு பெண் பிள்ளை கற்றுக்கொண்டிருந்தாள். கீழ் ஸ்தாயியில் தங்கமாக வாசிப்பாள். மேலே கடக்கும் இடம் வந்தால் ஒவ்வொரு தடவையும் கீச்சு. வேறு இரண்டு பேர் அவளுக்கு உதட்டுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் கீழ் உதட்டின் உள்பக்கம் புண்ணாகி வந்தாள். அவளை ஊதச் சொல்லிவிட்டு வாத்தியத்தின் துளைகளையும் கீகளையும் நான் எதிரே நின்று என் விரல்களால் மூடித் திறந்தேன். அவள் ஊத, விரல் என்னுடையது. ஒரு கீச்சு கூட இல்லை. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுதிக் காட்ட முடியாது. அவளது உதட்டில் குறையே இல்லை. மேலே போகும்போது வலது உள்ளங்கையின் ஓரம் பக்கவாட்டு கீ ஒன்றை லேசாக உரசிக்கொண்டிருந்தது. கையை ஒரு விரற்கடை வெளியே தள்ளிப் பிடிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். மூச்சும் உதடும் ஒருவருடையது, விரல் இன்னொருவருடையது. கீச்சு நின்றுவிட்டால் கோளாறு விரலில். நிற்காவிட்டால் அதே பிள்ளைக்கு நன்றாக வாசிக்கும் வேறு மவுத்பீஸும் ரீடும் மாட்டிக் கொடுங்கள். இப்போது நின்றால் கோளாறு ரீடில் அல்லது மவுத்பீஸில். இதையெல்லாம் தாண்டியும் கீச்சு நிற்கவில்லை என்றால் மட்டும் உதட்டுக்கு வாருங்கள்.

விரலில் அதிகம் வருவது வளையம் போட்ட துளைகளை முழுதாக மூடாதது. சின்னப் பிள்ளைகளின் மோதிரவிரல் வலது கையின் கடைசித் துளையை எட்டாது. விரல் நுனியை நட்டு வைக்காமல் விரலின் சதைப்பகுதியைத் தட்டையாக வைக்கச் சொல்ல வேண்டும். வாசித்து முடித்ததும் விரல்களைப் பார்த்தால் துளையின் வட்டம் சதையில் பதிந்திருக்கும். வட்டம் முழுதாக இல்லாத விரல்தான் கசிகிற விரல்.

வாத்தியமே கசிகிறதா என்று பார்க்க, மேல் பாகத்தை மட்டும் கழற்றி எடுத்து, துளைகளை விரலால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேல் வாயிலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சல் சில நொடி நின்றால் நல்லது. உடனே தளர்ந்தால் எங்கோ பேடு, அதாவது கீக்கு அடியில் துளையை மூடும் மெத்தை, கிழிந்திருக்கிறது அல்லது உட்காரவில்லை. நம்மூர் மழைக்காலத்தில் பேடு ஊறிப் பிசுபிசுப்பதும், சித்திரை வெயிலில் கார்க் காய்ந்து சுருங்குவதும் வழக்கம்தான். கசிகிற வாத்தியத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் உதட்டைத் திட்டுவது அநியாயம். பழைய வாத்தியங்களைத்தானே பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்கிறோம்! அதனால் இந்தச் சோதனையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

ரீடுக்கும் இது போல ஒரு உறிஞ்சல் சோதனை உண்டு. ரீடை நனைத்து மாட்டிய மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்து, வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு வாயை எடுங்கள். ரீடு மவுத்பீஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு நொடி நின்று, பிறகு "டப்" என்று விட வேண்டும். ஒட்டவே இல்லை என்றால் ரீடின் அடிப்பக்கம் வளைந்திருக்கிறது, அல்லது கோணலாக மாட்டியிருக்கிறது. அடிப்பக்கத்தைச் சமமான கண்ணாடி மேல் வைத்த வழவழப்பான தாளில் மெதுவாகத் தேய்த்தால் சில ரீடுகள் பிழைக்கும்.

ரீடு மாட்டுவதில் ஒரு மயிரிழை கணக்கு இருக்கிறது. முன்னாலிருந்து பார்க்கும்போது ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும். பக்கங்கள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அன்றைக்கு ரீடு கடினமாகத் தோன்றினால் ஒரு இழை கீழே இறக்குங்கள், மெதுவாக இருந்தால் ஒரு இழை மேலே ஏற்றுங்கள். ரீடை மவுத்பீஸோடு சேர்த்துப் பிடிக்கும் பட்டையான லிகேச்சரின் திருகுகளை ரீடு நகராத அளவுக்குத் திருகினால் போதும். விரல் நோகத் திருகினால் ரீடின் கழுத்தையே நெரிக்கிறீர்கள். ஜெர்மனியில் பலர் இன்றும் உலோக லிகேச்சரை விட்டு நூலால் சுற்றித்தான் ரீடைக் கட்டுகிறார்கள். ரீடு நழுவாமலிருக்க எவ்வளவு குறைந்த பிடி போதும் என்பதற்கு அதுவே சாட்சி.

ரீடு எவ்வளவு கடினம் என்று காட்டும் எண் விஷயத்தில் நம் பையன்களிடம் வீண் பெருமை ஒன்று உண்டு. பெரிய ஆள் 3½ வாசிக்கிறார், நானும் 3½ வாசிப்பேன் என்று வாங்கி வருவான். கடினமான ரீடை அதிர வைக்க மூச்சு போதாதபோது தாடை தானாக நெருக்கும். கடிக்கும் பழக்கம் பாதிப் பேருக்கு இப்படித்தான் தொடங்குகிறது. தொடக்கக்காரருக்கு 2 அல்லது 2½ போதும். காற்று இரைச்சல் கலந்து வந்தால் ரீடு கடினம். உரக்க ஊதும்போது அடைத்துக்கொண்டு, சுருதி தொங்கி, மேல் சுவரங்கள் எழும்பவில்லை என்றால் ரீடு மெது. அப்போது அரை எண் மேலே போகலாம். ஒரு கம்பெனியின் எண்ணும் இன்னொன்றின் எண்ணும் ஒன்றாக இருக்காது. வான்டோரன் 2½ என்பது ரிக்கோ 2½ஐ விடச் சற்றுக் கடினம். கடையில் மாற்றி வாங்கிவிட்டு "ஒரே நம்பர்தானே" என்று குழம்ப வேண்டாம்.

ரீடு நாணல் வகைத் தட்டையிலிருந்து வருவது. பெயர்பெற்றவை தெற்கு பிரான்ஸின் வார் பகுதியில் விளைகின்றன. தாவரப்பொருள் என்பதால் ஈரத்துக்கும் காற்றுக்கும் உடனே ஆடும். ஏசி மண்டபத்தில் மேடையேறும் முன் நுனியைப் பாருங்கள், அலையலையாக நெளிந்திருந்தால் இன்னும் நனையவில்லை. தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு, நெளிவு மறைந்த பிறகு ஊதுங்கள். புது ரீடை முதல் நாளே ஒரு மணி நேரம் அடிக்காமல், சில நிமிஷம் மட்டும் வாசித்துக் காய வைத்து, மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் புழங்கினால் நெடுநாள் நிற்கும். வாசித்து முடித்ததும் மவுத்பீஸிலேயே விட்டு மூடிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படி விட்ட ரீடில் பூஞ்சை கறுப்பாகப் படிந்துவிடும். ஒருவர் ரீடை இன்னொருவர் வாயில் வைக்கும் பழக்கத்தைப் பேண்டிலிருந்து அடியோடு ஒழிக்க வேண்டும். மவுத்பீஸைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், கடின ரப்பரான எபோனைட்டில் செய்த மவுத்பீஸுக்கு வெந்நீர் ஆகாது. டீ, காபி, இனிப்பு சாப்பிட்டிருந்தால் வாய் கொப்பளித்துவிட்டு வாசியுங்கள்.

உதட்டுப் புண்ணுக்கு வருவோம். நன்றாக வாசித்த பிறகு கீழ் உதட்டின் உள்ளே பல் தடம் லேசாகத் தெரிவது இயல்பு. அது கீறலாக, எரிச்சலாக மாறினால் கடிக்கிறீர்கள், அல்லது ஒரு கீழ்ப்பல் கூர்மையாக இருக்கிறது. பல் கூர்மை என்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், சின்னக் கூர்முனையை மழுக்கிக் கொடுத்துவிடுவார். உடனடியாகச் சமாளிக்க, மெல்லிய தாளை நான்காக மடித்துக் கீழ்ப்பற்களின் மேல் வைத்து, அதன் மேல் உதட்டை மடித்து வாசிப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். ஆனால் புண் ஆறும் வரை ஓய்வுதான் மருந்து. அந்த நாட்களில் விரல் பயிற்சியைச் சத்தமில்லாமல் செய்யலாம். பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைகளை வாசிக்காதே என்று அனுப்பிவிடுகிறார்கள், அது தேவையில்லை. கீழ் வரிசைக் கிளிப்தான் உதட்டில் குத்தும். பல் மருத்துவர் தரும் மெழுகை அதன் மேல் அப்பி, மெதுவான ரீடில், குறைந்த நேரம் வாசிக்கலாம். மாதாமாதம் கிளிப்பை முறுக்கிவிட்டு வரும் நாட்களில் மட்டும் விட்டுவிடலாம்.

எங்கள் பேண்டின் மூத்த கிளாரினெட்காரர் ஒருவருக்கு மேல் வரிசை முழுவதும் பல்செட். கட்டைவிரல் தூக்கிக் கொடுக்கும் விசையில் மவுத்பீஸ் முன்பற்களைத் தள்ள, பல்செட் பின்னால் கழன்று வந்துவிடும். இனி என்னால் முடியாது தம்பி என்று வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மேல் பற்களை நேராக மவுத்பீஸில் வைக்காமல், மேல் உதட்டையும் பல்லின் மேல் மடித்து இரண்டு உதட்டாலும் பிடித்து வாசிக்கும் முறை ஒன்று உண்டு. ரீடை அரை எண் குறைத்து, வாத்தியத்தின் பாரத்தைத் தாங்கக் கழுத்துப் பட்டையும் மாட்டி, இந்த முறையில் அவரை வாசிக்க வைத்தோம். மெலிதாகத்தான் வந்தது, ஆனால் முன்னைவிட இனிமையாக வந்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் கீதங்களுக்கு முன்வரிசையில் நின்றார். இரண்டு உதட்டுப் பிடிப்பில் கடிக்கவே முடியாது, கடித்தால் மேல் உதடு உடனே வலிக்கும். அதனால் கடிக்கும் பழக்கம் ஊறிப்போன பிள்ளைகளுக்கும் தினமும் சில நிமிஷம் இந்த முறையில் நீட்டொலி, அதாவது ஒரே சுவரத்தை நீளமாகப் பிடிப்பது, ஊதச் சொல்கிறேன். பிறகு வழக்கமான பிடிப்புக்கு வரும்போது தாடை தானாக இளகியிருக்கும்.

பிடிப்பு என்பது ஒரே மாதிரி இருந்தே தீர வேண்டிய ஒன்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் டென்னர் என்ற வாத்தியம் செய்பவர் கிளாரினெட்டை உருவாக்கிய பிறகு, அந்த நூற்றாண்டு முழுக்கப் பலர் மவுத்பீஸைத் தலைகீழாக வைத்து, ரீடு மேல் உதட்டைத் தொடும்படிதான் வாசித்தார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கம் இந்த வழக்கம் வெகுகாலம் நீடித்தது. ரீடு கீழ் உதட்டுக்கு வந்ததும், மேல் பல் மவுத்பீஸில் உட்கார்ந்ததும் பிற்பாடு நிலைபெற்றவை.

நாதசுரத்திலிருந்து கிளாரினெட்டுக்கு வருகிறவர்களை இதனால்தான் நான் மரியாதையோடு பார்க்கிறேன். நாதசுரத்தின் ரீடான சீவாளியை இரண்டு உதட்டுக்கு நடுவே வைத்து, உதட்டின் நெகிழ்விலும் மூச்சின் அழுத்தத்திலும் சுவரத்தை வளைத்துப் பழகியவர்கள் அவர்கள். பல்லுக்கு அங்கே வேலையே இல்லை. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் நாதசுரம் பயின்று கிளாரினெட்டுக்கு வந்தவர். கிளாரினெட்டில் கமகம், அதாவது சுவரத்தை வளைத்து அசைப்பது, வராது என்று சொன்னவர்களுக்கு அவருடைய வாசிப்பே பதில். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாக்ஸபோனில் கர்நாடக இசையை நிலைநாட்டிய கத்ரி கோபால்நாத்தும் நாதசுரக் குடும்பத்தில் பிறந்தவர்தான். கமகத்துக்குத் தேவையான வளைவை விரலைத் துளையில் மெல்ல நகர்த்தியும், தாடையை இம்மியளவு தளர்த்தியும், நாக்கின் உயரத்தை மாற்றியும் கொண்டுவரலாம். கடித்துப் பிடித்த வாயில் தளர்த்த இடமிருக்காது, மேலே போக இனி வழியில்லாத இடத்தில் ஏற்கெனவே நிற்கிறீர்கள். இளகிய பிடிப்பில்தான் இரண்டு பக்கமும் வளைய இடமுண்டு. கீர்த்தனை வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இது.

சாக்ஸபோனுக்கு மாறுகிறவர்கள் கிளாரினெட் பிடிப்பை அப்படியே கொண்டுபோகக்கூடாது. சாக்ஸில் மவுத்பீஸ் ஏறத்தாழ நேராக வாய்க்குள் வரும், கிளாரினெட் போலச் சாய்ந்து வராது. கீழ் உதடு இன்னும் வெளியே, பிடி இன்னும் வட்டமாக, வாய்க்குள் "ஓ" போல விரிவாக இருக்கும். ஆல்டோ சாக்ஸின் மவுத்பீஸை மட்டும் ஊதினால் ஏ வர வேண்டும், ஆறு கட்டை. கிளாரினெட்காரர்கள் ஊதினால் அதைத் தாண்டிப் போகும், காரணம் கிளாரினெட்டின் இறுக்கத்தை அங்கேயும் கொண்டுபோவதுதான். ஆறு கட்டைக்கு இறங்கும்வரை இளக்கிக்கொண்டே வாருங்கள்.

சுருதியை உதட்டால் சரிசெய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். கல்யாணப் பந்தலில் மத்தியான வெயிலில் வாத்தியம் சூடேறிச் சுருதி மேலே போகும். கீபோர்டு அதே இடத்தில் நிற்கும். அப்போது உதட்டைத் தளர்த்திச் சுருதியை இறக்கினால் நாதம் தொளதொளவென்று ஆகிவிடும். பேரலை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள், போதும். குளிர்ந்த மண்டபத்தில் நேர்மாறு: வாத்தியம் சூடேறும்வரை தாழ்ந்து நிற்கும். மெல்ல மூச்சுவிட்டுச் சூடாக்கிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும், உதட்டால் ஏற்றாதீர்கள். உரக்க ஊதும்போது கிளாரினெட் சற்று இறங்கும், மெல்ல ஊதும்போது ஏறும். அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்தை மட்டும் நாக்கும் தாடையும் பார்த்துக்கொள்ளட்டும்.

பயிற்சி என்றால் நீட்டொலிதான். சுருதிப்பெட்டியைப் போட்டு, ஒரு சுவரத்தை மிக மெல்லத் தொடங்கி, வளர்த்து, மறுபடி மெல்ல ஆக்கி, சுருதி அசையாமல் முடிக்க வேண்டும். உதட்டு ஓரத்துத் தசைகள் வலுவடைவது இதில்தான். வாசித்த நேரம் அளவுக்கு ஓய்வும் கொடுங்கள். ஓரங்கள் நடுங்கத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். களைத்த உதட்டோடு தொடர்ந்தால் அந்த நேரத்தில் பழகுவது கடிப்பதை மட்டும்தான்.

கடைசியாக, நடந்துகொண்டே வாசிக்கிறவர்களுக்கு. திருவிழாப் பவனியில் தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு காலடியும் மவுத்பீஸை மேலும் கீழும் ஆட்டும், அதைத் தடுக்கத் தாடை தானாகக் கவ்வும். வலது கட்டைவிரலின் தூக்கலைக் கூட்டுங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி வைத்தால் கை அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். குதிகாலை அடித்து வைக்காமல் பாதத்தை உருட்டி நடங்கள். பவனி என்றால் ரீடு அரை எண் மெதுவாக இருக்கட்டும், இன்னொன்றை நனைத்துச் சட்டைப்பையில் உறையோடு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் டிரம்ஸ் மட்டும் போகும் நேரத்தில் வாத்தியத்தை வாயிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு உதட்டை நனைத்துக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். பிள்ளைகள் வரிசையில் இருந்தால் இரண்டு பேரில் ஒருவர் மாற்றி ஒருவர் வாசிக்கும்படி முன்பே பிரித்துவிடுங்கள். கோயிலுக்குத் திரும்பி வரும்போது வாசிக்க வேண்டிய பாட்டுத்தான் எல்லாவற்றிலும் மேல் சுவரம் அதிகமுள்ளது, அதற்கு உதடு மிச்சமிருக்க வேண்டும்.